அன்று காலை குடிக்கவில்லை

எம். புதுப்பட்டி
20.01.2025

தம்பி முனியராஜுக்கு மதினி சோலையம்மாள் எழுதுவது. இங்கே மூன்று பேரும் வேளாவேளைக்குச் சாப்பிடுகிறோம், வேலைக்குப் போய் வருகிறோம். உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்பது என் முறை. கேட்டுவிட்டேன்.

உங்களைத் தென்காசிப் பக்கம் குடியை மறக்கவைக்கிற இல்லத்தில் கொண்டுபோய் விட்டு ஒரு வாரம் ஆகிறது. வேனில் ஏற்றும்போது நீங்கள் என்னைப் பேசியதைத் தெருவே கேட்டது. தங்கச்சி புருஷன் என்று பொறுத்துக்கொண்டேன். ஆனால் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள், உங்களை அங்கே சேர்க்கச் சொன்னது நானில்லை, உங்கள் மகள். பள்ளிக்கூடத்தில் பொங்கல் விழா நடக்கும்போது, வேட்டி நழுவுவது தெரியாமல் வந்து நின்று, "எம் பிள்ளை எங்கலே?" என்று ஹெட்மாஸ்டரையே கேட்டீர்கள். அன்றைக்கு வந்து புத்தகப் பையைத் தூக்கி எறிந்தாள் சினேகா. "அப்பாவக் கொண்டுபோய்ச் சேத்துருங்க. இல்லைன்னா நான் பத்தாவது பரிச்சைக்கே உக்கார மாட்டேன்" என்றாள். பிறகு நான் என்ன செய்ய?

வருகிற பங்குனியோடு தங்கச்சி வேல்விழி போய் ஒரு வருஷம். போர்மேன் முனியராஜ் அன்று காலையிலேயே குடித்திருந்தான், அதனால்தான் பட்டாசு ஆபீஸில் அந்த அறை வெடித்தது, கட்டின பெண்டாட்டியையே கொன்றுவிட்டான் என்று ஊர் பேசுகிறது. சினேகாவும் அதைத்தான் நம்புகிறாள். அதைப் பற்றி நான் சொல்ல ஒன்றுமில்லை.

போன் கிடையாது, பார்க்க வரக்கூடாது, கடிதம் மட்டும் எழுதலாம் என்று சொன்னார்கள். ஜூன் மாதம் நான் வந்து கையெழுத்துப் போட்டால்தான் உங்களை விடுவார்களாம். தெளிந்து வந்தால் சினேகாவை ஆமத்தூருக்கு, உங்கள் வீட்டுக்கு, கூட்டிப்போங்கள். இல்லையென்றால் பிள்ளை இல்லாத என் வீட்டில் பிள்ளையாக இருந்துவிட்டுப் போகட்டும்.

சொன்ன மருந்தைச் சாப்பிடவும்.
சோலையம்மாள்


04.02.2025

மதினிக்கு முனியராஜ் வணக்கம். கை எப்படி நடுங்குகிறது என்று எழுத்தைப் பார்த்தாலே தெரியும். சகலை பாண்டிமுருகனுக்கு ஆபரேஷன் செய்த இடத்தில் வலி இல்லாமல் இருக்கிறதா?

இங்கே விடியுமுன் விசில் ஊதி எழுப்புகிறார்கள். டீ என்று வெந்நீர் கொடுக்கிறார்கள். என் சோப்பை எவனோ திருடிவிட்டான். சங்கரபாண்டியன் என்று ஒரு சார், என்னைவிடப் பத்து வயது சின்னவன், தினமும் உட்கார வைத்து ஏன் குடிக்க ஆரம்பித்தீர்கள் என்று கேட்கிறான். "பொண்டாட்டி செத்துட்டா சார்" என்றேன். "பொண்டாட்டி செத்தவுக எல்லாருமா குடிக்கிறாக?" என்கிறான். எழுந்து ஓர் அறை விடலாமா என்றிருந்தது.

வேனில் பேசியதை மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள். எல்லோரும் என் முகத்தில் காறித் துப்பிய நாளில், சோற்றுத் தூக்குச்சட்டியின் அடியில் குவாட்டர் பாட்டிலை வைத்துக் கொடுத்தனுப்பிய ஒரே ஆள் நீங்கள்தான். என் வேதனை உங்களுக்குத்தான் தெரிந்தது.

உங்களிடம் ஒரே ஒரு உதவி கேட்கிறேன். அன்று காலை நான் குடித்திருக்கவில்லை. அதுவரை நான் அதைத் தொட்டதே இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். சாயங்காலம் ஆஸ்பத்திரி வாசலில் யாரோ ஊற்றிக் கொடுத்தார்கள், அதுதான் முதல். அந்த வாடையை வைத்து ஊர் காலைக்கும் சேர்த்துக் கதை கட்டிவிட்டது. நான் சொன்னால் சினேகா நம்ப மாட்டாள், குடிகாரன் பேச்சு. நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் நம்புவாள். அவளுக்கும் தனியே ஒரு தாள் எழுதி இதோடு வைத்திருக்கிறேன். கொடுத்துவிடுங்கள்.

முனியராஜ்


எம். புதுப்பட்டி
12.02.2025

தம்பிக்கு, நடுக்கம் குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். இவருக்கு வலி இல்லை.

தூக்கு, பாட்டில் என்றெல்லாம் கடிதத்தில் எழுதாதீர்கள். தபால்காரர் கொடுத்ததும் சினேகாதான் வாங்கினாள். பிரிக்குமுன் பிடுங்கிவிட்டேன். பிள்ளை கண்ணில் பட்டிருந்தால் என் மானம் என்ன ஆவது? ஏதோ இரக்கத்தில் செய்தது. அதைப் போய்ப் பெரிய உபகாரம்போல எழுதுகிறீர்கள்.

அவளுக்கு எழுதிய தாளை நான் கொடுக்கவில்லை. பரீட்சை முடியட்டும். உங்களை நினைத்து அழுதால் கணக்கு ஓடாது. நீங்கள் சொன்ன அந்த வார்த்தையையும் இப்போது சொல்ல முடியாது.

ஏன் குடித்தேன், எதற்குக் குடித்தேன் என்று உட்கார்ந்து நோண்டிக்கொண்டிருக்கவா அங்கே சேர்த்தோம்? குடியை விடுங்கள். அது போதும்.

சோலையம்மாள்


05.03.2025

மதினிக்கு வணக்கம். உடம்பு தேறிவிட்டது. இரண்டு இட்லி கூடுதலாகக் கேட்கிறேன், தரத்தான் மாட்டேன் என்கிறார்கள். அங்கே எல்லோரும் சுகம்தானே?

சங்கரபாண்டியன் விடுவதாக இல்லை. அந்தக் காலையில் என்ன நடந்தது என்று முழுசாகச் சொன்னால்தான் மேற்கொண்டு பேசலாம் என்கிறான். அவனுக்கு வெடி ஆபீஸைப் பற்றி ஒரு இழவும் தெரியாது. ஆதியிலிருந்து சொன்னேன். நாள் முடிவில் மிஞ்சிய வெடிமருந்தை அறையில் வைத்துவிட்டுப் போகக்கூடாது, தண்ணீர்த் தொட்டியில் கொட்டி அழித்துவிட வேண்டும், கொட்டியாச்சா என்று போர்மேன் போய்ப் பார்த்து நோட்டில் டிக் போட வேண்டும் என்றேன். "போய்ப் பாத்தீங்களா?" என்று கேட்டான். எழுந்து வெளியே வந்துவிட்டேன்.

நாலு நாளாக அவனோடு பேசவில்லை. அவனோடு பேசாமல் இருந்தால் என்ன, என்னோடு நான் பேசாமல் இருக்க முடியவில்லையே. போன வருஷம் விருதுநகர் மாரியம்மன் பங்குனிப் பொங்கல் சமயத்தில், அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் உங்களுக்கு ஞாபகம் இருக்கிறதா மதினி? வேறு எதுவும் எழுத வேண்டாம். இதற்கு மட்டும் பதில் எழுதுங்கள்.

சினேகாவுக்கு இன்னொரு தாள் வைத்திருக்கிறேன்.
முனியராஜ்


எம். புதுப்பட்டி
16.04.2025

தம்பிக்கு, சித்திரை பிறந்துவிட்டது. உங்களுக்கு அங்கே பாயசம் கொடுத்தார்களா? இங்கே வெயில் மண்டையைப் பிளக்கிறது.

ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி நீங்கள் அடுத்தடுத்து எழுதிய கடிதங்கள் மூன்றும் வந்தன. பதில் எழுத நேரமில்லை. சினேகாவுக்குப் பரீட்சை. நடுவில் வேல்விழிக்கு வருஷத் திதி. அவளுக்குப் பிடித்த சீனி அவரைக்காய்ப் பொரியல் வைத்துக் கும்பிட்டோம். பங்குனிப் பொங்கலுக்கு விருதுநகர் போகவில்லை. அக்கினிச்சட்டி எடுக்கவில்லையா என்று எதிர்வீட்டு வெள்ளைத்தாய் கேட்டாள். உன் வேலையைப் பார் என்று சொல்லிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை என்று வாரத்துக்கு ஒன்று வருகிறது. எந்த ஞாயிற்றுக்கிழமை என்று நான் கண்டேன்?

இன்னொன்று. ஜூனில் கையெழுத்துப் போடுவதைப் பற்றி யோசிக்க வேண்டும். பிளஸ் ஒன் சேர்க்கிற நேரத்தில் நீங்கள் வந்து நின்று பிள்ளையின் மனசைக் கலைக்க வேண்டாம். இன்னும் மூன்று மாதம் இருந்தால் உங்களுக்கும் நல்லதுதான். இவரும் அதையே சொல்கிறார்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளவும்.
சோலையம்மாள்


29.04.2025

மதினிக்கு,

சுகம் விசாரிக்கிற நிலையில் நான் இல்லை. ஒன்றரை மாதம் தபால்காரர் வரும் வழியைப் பார்த்துக் கிடந்தேன். வந்தது சீனி அவரைக்காயும் இன்னும் மூன்று மாதமும்! நான் மனுஷனா, மாட்டுக் கொட்டடியில் கட்டிப்போட்ட உருப்படியா?

நீங்கள் சொல்லாவிட்டால் நானே சொல்கிறேன். சங்கரபாண்டியனிடம் நேற்றுச் சொல்லிவிட்டேன். முதலில் சொல்ல வேண்டியது உங்களிடம்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் "மிச்சத்தக் கொட்டியாச்சா மதினி?" என்று நீங்கள் வேலை பார்த்த அறைக்கு வராமல் தூரத்தில் நின்றே கேட்டேன். "கொட்டியாச்சு தம்பி, எழுதிக்கிருங்க" என்றீர்கள். மறுநாள் நீங்கள் அக்கினிச்சட்டி எடுக்க வேண்டும், பஸ்ஸைப் பிடிக்க ஓடினீர்கள். எனக்கும் அவசரம். போய்ப் பார்க்காமல் டிக் போட்டேன். திங்கள் லீவு.

செவ்வாய் காலை நீங்கள் வரவில்லை. வேல்விழிதான் முதலில் அறையைத் திறந்தாள். நான் லாரியில் லோடு ஏற்றிக்கொண்டிருந்தேன். ஓடி வந்து சொன்னாள்: "ஏங்க, அக்கா மிச்சத்தக் கொட்டாம ஈரச் சாக்கப் போட்டு மூடி வச்சிருக்கா. மருந்துத் தட்டு சுடுதுங்க."

தட்டு சுடுகிறது என்றால் என்ன செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரியும் மதினி. எல்லோரையும் வெளியே கூட்டிப் போக வேண்டும். பெல் அடிக்க வேண்டும். அடித்தால் முதலாளி வருவார். நோட்டைப் பார்ப்பார். என் டிக் இருக்கும், உங்கள் பெயர் இருக்கும். உங்கள் வேலை போகும், என் வேலையும் போகும். "நீயே எடுத்துத் தொட்டியில கொட்டிரு. அக்கா பேர வெளிய சொல்லாத" என்றேன். தலையை ஆட்டிவிட்டுப் போனாள். லாரிக்குத் தார்ப்பாய் போட்டு முடிக்கவில்லை, சத்தம் கேட்டது.

நான்தான் அவளை அனுப்பினேன். தெளிந்த புத்தியோடு அனுப்பினேன். அதற்குப் பிறகுதான் குடித்தேன். போலீசிடமோ கேஸ் நடத்துகிற வக்கீலிடமோ உங்கள் பெயரைச் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன். என் மகளிடம் நான் அன்று குடித்திருக்கவில்லை என்பதை மட்டும் சொல்லுங்கள். அந்த ஒரு பழியையாவது எடுத்துவிடுங்கள். அவள் என் முகத்தைப் பார்க்க வேண்டும்.

முனியராஜ்


எம். புதுப்பட்டி
19.05.2025

தம்பிக்கு, சினேகா 431 மார்க் எடுத்திருக்கிறாள். கணக்கில் 92. இவர் தெருவுக்கே மிட்டாய் கொடுத்தார்.

உங்கள் கடிதம் வந்தது. எனக்கு இரண்டு வாரமாகக் காய்ச்சல், வேலைக்குப் போகவில்லை.

சோலையம்மாள்


24.05.2025

மதினிக்கு, மார்க் சொன்னதற்கு நன்றி. காய்ச்சல் குணமாகட்டும். சினேகாவுக்கு நான்கு தாள் அனுப்பியிருக்கிறேன், ஒன்றுக்கும் பதில் இல்லை. அவள் எழுதவில்லையா, நீங்கள் கொடுக்கவில்லையா? அதையாவது எழுதித் தொலையுங்கள்.

முனியராஜ்


எம். புதுப்பட்டி
07.06.2025

முனியராஜ் தம்பிக்கு,

எழுதித் தொலைக்கிறேன். நான்காவது தடவையாக எழுதுகிறேன். முதல் மூன்றையும் அடுப்பில் போட்டுவிட்டேன். காய்ச்சல் என்று சொன்னது பொய்.

இருபது வருஷம் தீப்பெட்டி ஆபீஸில் இருந்தவள் நான். அங்கே எது மிஞ்சினாலும் ஈரச் சாக்கைப் போட்டு மூடுவோம், தீ அண்டாது. வெடி ஆபீஸுக்கு வந்தபோது நீங்கள் சொல்லித்தான் கொடுத்தீர்கள். "அலுமினியப் பொடி சேர்ந்த மருந்து மதினி, அரைகுறை ஈரம் பட்டா தானாச் சூடாகும், தொட்டித் தண்ணில முழுசா முங்கணும்" என்றீர்கள். காதில் வாங்கினேன், கை வாங்கவில்லை. தொட்டிக்குத் தூக்கிப் போய்க் கொட்டி, தட்டைக் கழுவி வைக்கக் கால் மணி நேரம் ஆகும், விருதுநகர் பஸ் போய்விடும். இவர் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததற்கு நேர்ந்த சட்டி. கையில் இருந்த பழக்கத்தில் சாக்கை நனைத்து மூடினேன். உங்களிடம் கொட்டியாச்சு என்றேன். செவ்வாய்க்கிழமை முதல் ஆளாகப் போய்க் கொட்டிவிடலாம் என்று நினைத்தேன். சட்டி தூக்கிக் கை கொப்பளித்து, காலை எழ முடியவில்லை. என் தங்கச்சி எனக்கு முன்னால் போய்விட்டாள்.

அவள் உங்களிடம் வந்து சொன்னாள் என்பது உங்கள் கடிதத்தைப் பார்த்துத்தான் எனக்குத் தெரியும். ஆனால் நான் பொய் சொன்னது உங்களுக்குத் தெரியும் என்று அன்றைக்கே எனக்குத் தெரியும். ஆஸ்பத்திரியில் நீங்கள் என்னைப் பார்த்த பார்வை போதாதா? இன்றைக்குச் சொல்வாரோ, நாளைக்குச் சொல்வாரோ என்று செத்துச் செத்துப் பிழைத்தேன். பதினாறாம் நாள் விசேஷத்தில் நீங்கள் குடித்துவிட்டு உளறியபோது ஒருத்தரும் காது கொடுக்கவில்லை. எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. மறுநாள் இவரை வாங்கி வரச் சொல்லி, தூக்கின் அடியில் வைத்தேன். அதற்கடுத்த நாளும் வைத்தேன். எட்டு மாதம் வைத்தேன். இரக்கத்தில் செய்தது என்று நான் எழுதினேனே, இரக்கமில்லை. நீங்கள் தெளிந்தால் வாயைத் திறப்பீர்கள் என்ற பயம். குடிகாரன் சொன்னால் யார் நம்புவார்கள் என்ற கணக்கு.

காலையிலேயே குடித்திருந்தான் என்று ஊர் சொன்னபோது இல்லை என்று ஒரு வார்த்தை சொல்ல என்னால் முடிந்திருக்கும். சொல்லவில்லை. சொன்னால் பிள்ளை உங்களிடம் போய்விடுவாள். தங்கச்சியும் இல்லாமல் அவளும் இல்லாமல் எப்படி இருப்பது என்று நினைத்தேன். உங்களைக் கெடுத்துத்தான் அவளை வைத்திருந்தேன்.

முந்தாநாள் சினேகாவை உட்கார வைத்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். உங்கள் நான்கு தாளையும், எனக்கு எழுதிய எல்லாக் கடிதத்தையும் கையில் கொடுத்தேன். அன்று காலை அப்பா குடிக்கவில்லை என்று சொன்னேன். அதிலிருந்து அவள் என் கையால் சோறு வாங்குவதில்லை.

பதினைந்தாம் தேதி வந்து கையெழுத்துப் போடுகிறேன். வக்கீலிடம் என் பெயரையும் சொல்லுங்கள், நானும் வந்து சொல்கிறேன்.

இதற்கு மன்னிப்புக் கேட்கிற யோக்கியதை எனக்கு இல்லை.
சோலையம்மாள்


எம். புதுப்பட்டி
12.06.2025

அப்பாவுக்கு,

சினேகா எழுதுகிறேன். நான் நன்றாக இருக்கிறேன். நீங்கள் நடுக்கம் இல்லாமல் எழுதுகிறீர்கள் என்று கடைசிக் கடிதங்களைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

எல்லாவற்றையும் படித்தேன். பிறகு கருப்பம்மாள் அத்தை வீட்டுக்குப் போனேன். அம்மாவோடு அதே அறையில் வேலை பார்த்தவர். அன்று அம்மா உங்களிடம் பேசிவிட்டுத் திரும்பி வந்து, உள்ளே இருந்த மூன்று பேரையும் "போய் வேப்ப மரத்தடியில தண்ணி குடிச்சிட்டு வாங்க" என்று அனுப்பினாராம். இப்போதுதானே வந்தோம் என்று அத்தை கேட்டிருக்கிறார். "சொன்னாப் போங்கடி" என்று அம்மா அதட்டினாராம். அவர்கள் மரத்தடிக்குப் போய்ச் சேர்ந்தபோது வெடித்ததாம். அத்தை இதை ஒரு வருஷமாகச் சொல்லவில்லை. கேட்க யாரும் வரவில்லை என்றார். பெரியம்மாவுக்குப் பயம், உங்களுக்குக் குடி. நான் உங்களை வெறுப்பதில் மும்முரமாக இருந்தேன். அம்மாவைப் பற்றி ஒருத்தரும் கேட்கவில்லை.

நீங்கள் அன்று காலை குடிக்கவில்லை என்று தெரிந்தால் எனக்குச் சந்தோஷமாக இருக்கும் என்று நீங்கள் நினைத்தீர்கள். இல்லை அப்பா. குடித்திருந்தீர்கள் என்று நினைத்தபோது, புத்தி இல்லாமல் நடந்துவிட்டது, என்றைக்காவது மன்னித்துவிடலாம் என்று இருந்தேன். பரீட்சைக்குப் படிப்பதுபோலத் தினமும் அதற்குப் பழகினேன். இப்போது, புத்தியோடு இருந்துதான் நீயே கொட்டு என்று சொன்னீர்கள் என்கிறீர்கள். பழகியது எல்லாம் வீணாகிவிட்டது. முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். எவ்வளவு நாள் ஆகும் என்று எனக்குத் தெரியாது.

விருதுநகரில் பிளஸ் ஒன் சேர்ந்துவிட்டேன். விடுதியில் தங்கப்போகிறேன். ஆமத்தூருக்கும் வரவில்லை, பெரியம்மா வீட்டிலும் இருக்கவில்லை. பெரியம்மா அழுதுகொண்டேதான் விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டார்.

ஞாயிற்றுக்கிழமை உங்களைக் கூட்டிவரப் பெரியம்மா மட்டும்தான் வருவார். பஸ்ஸில் வரும்போது இரண்டு பேரும் பேசிக்கொள்ளுங்கள். கடிதத்தில் மறைத்த மாதிரி மறைக்காமல் பேசுங்கள். விடுதியில் மாதம் ஒரு ஞாயிறு வீட்டு ஆட்களைப் பார்க்க விடுவார்கள். நீங்களும் பெரியம்மாவும் சேர்ந்து வந்தால் வாசலுக்கு வருவேன். தனித்தனியாக வந்தால் வரமாட்டேன்.

மு. சினேகா